மழை விட்டும் காயாத கிரீன்: குறியைப் பார்த்துக் கோளாறைத் தேடும் வழி

பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, பொள்ளாச்சி போகும் திசையில், ஒன்பது குழி உள்ள ஒரு சின்ன கோல்ஃப் மைதானத்தில் புல்லைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கிற புல்தரையைத்தான் கிரீன் என்போம். அதற்கு முன்னால் ஆறு வருஷம் மூணாறு மலையில் இதே வேலை. அங்கே சரிவும் ஊற்றும், இங்கே கரிசலும் காற்றும். அங்கே கிக்குயூ புல், இங்கே பெர்முடா. பெர்முடா என்றால் வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குப் போடுகிற அறுகம்புல்லின் ஒட்டு ரகம்தான். ரெண்டு இடத்திலும் ஆட்கள் பேசுவது தமிழ். நடுநடுவே மலையாளம் வரும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை அஞ்சரை மணிக்கு உதவியாளப் பையன் போன் பண்ணி, “அண்ணா, மூணாம் கிரீன்ல வெள்ளம்” என்றான். பைக்கை முறுக்கிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் முறம் அகலத்துக்கு ரெண்டு குட்டை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். திட்டலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அந்த ரெண்டு குட்டையைச் சரிபண்ண எனக்குப் பதினோரு மாசம் பிடித்தது, ஆகவே அவன் சொன்னது தமிழிலும் தப்பில்லை.

அந்தப் பதினோரு மாசத்தில் என்னென்ன செய்தேன் தெரியுமா? பூஞ்சாண மருந்து மூணு தடவை. அழுகிய புல்லை வெட்டியெடுத்துப் புதுப் புல் பதித்தது ரெண்டு தடவை. துளை போடும் மெஷினைக் கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்தது ஒரு தடவை. கடைசியில் புல் பிடுங்குகிற அக்கா ஒருவர்தான் கேட்டார்: “இந்தப் பைப்பு எங்கீங்க போய் விழுகுது?” எனக்குத் தெரியாது. தேடினோம். கிரீனுக்கு அடியில் இறங்குகிற தண்ணீரை வெளியேற்றும் வடிகால் குழாய் அது. கிரீனிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, பக்கத்துத் தென்னந்தோப்பின் ஓரக் கால்வாயில் விழ வேண்டியது. வண்டித் தடத்தை அகலப்படுத்தியபோது யாரோ மண் தள்ளியிருக்கிறார்கள். குழாய் வாய் ஒரு அடி ஆழத்தில் புதைந்து கிடந்தது. கடப்பாரையால் ரெண்டு குத்து. கறுப்புத் தண்ணீர் பீறிட்டு வந்து அக்காவின் சேலையெல்லாம் சேறு. மறுநாள் கிரீன் காய்ந்துவிட்டது.

அதனால் கீழே எந்தக் குறியைப் படித்தாலும், முதலில் உங்கள் வடிகாலின் வாய் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வரைபடத்தில் பார்த்தால் போதாது. மூணாம் கிரீனுக்கு எங்களிடமும் வரைபடம் இருந்தது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தேய்ந்துபோன பழைய கப் கட்டர் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீனில் குழி வெட்டுகிற அதே 108 மி.மீ. கட்டர்தான். அதை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி எடுத்தால் மண் உருண்டை வெட்டின கேக் மாதிரி வரும். அடுக்கு, வேர், நாற்றம் எல்லாம் அதில் தெரியும். அப்புறம் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர், மண் எங்கே இறுகியிருக்கிறது என்று குத்திப் பார்க்க. நாலு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு, ஒரு முனையைச் சாய்வாக அரத்தால் தீட்டி. கொத்தனாரின் ட்யூப் லெவல் ஒன்று.

எல்லாவற்றையும்விட முக்கியம், மழை பெய்யும்போது நடப்பது. மழை விட்ட பிறகு பார்த்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் தெரியும். பெய்யும்போது பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நான் தென்னை ஈர்க்கில் சிவப்புத் துணி கட்டி இடுப்பில் ஒரு கட்டு சொருகிக்கொண்டு போவேன். தண்ணீர் திரும்புகிற இடத்தில் ஒன்று, தேங்குகிற இடத்தில் ஒன்று. சுண்ணாம்புக் கோடு மழையில் நிற்காது.

மழை விட்டு மூணு மணி நேரம் ஆகியும் கிரீனில் தண்ணீர் நிற்கிறது

முதலில் வடிகால் வாய். அங்கே தண்ணீர் ஓடுகிறதா, சொட்டுகிறதா, ஒன்றுமே இல்லையா?

ஒன்றுமே இல்லை என்றால் குழாய் அடைப்பு. குழாயின் மேல்முனையில் கழுவு வாய் இருந்தால் ஹோஸைச் சொருகித் தண்ணீர் விடுங்கள். கீழே வந்து சேரவில்லையானால், கீழ் வாயிலிருந்து எலெக்ட்ரீஷியன் வயர் இழுக்கிற நீளக் கம்பியை உள்ளே தள்ளுங்கள். எத்தனை மீட்டரில் முட்டுகிறது என்று அளந்து, அதே தூரத்தை மேலே நடந்து, அங்கே தோண்டுங்கள். எங்கள் பக்கம் அடைப்பதில் முதல் ஆள் தென்னை வேர். தலைமுடி சிக்கு மாதிரி குழாய் முழுக்க நிரம்பிவிடும். அடுத்தது வண்டல். வாயில் கம்பிவலை போடாத இடத்தில் வயல் நண்டும் தவளையும் குடியிருக்கும். கழுவு வாய் இல்லாத குழாய் என்றால், தோண்டினது தோண்டியாச்சு, ஒன்று வைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் உங்களை நீங்களே வாழ்த்துவீர்கள்.

வாயில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, மேலே மட்டும் குட்டை நிற்கிறது என்றால் குழாய் நிரபராதி. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவே இல்லை. பி.வி.சி. துண்டை 5 செ.மீ. ஆழம் அடித்து இறக்கி, ஒரு தடவை தண்ணீர் ஊற்றி விட்டுவிடுங்கள். அது மண்ணை நனைப்பதற்கு. ரெண்டாம் தடவை நிரப்பி, பதினைந்து நிமிஷத்தில் எவ்வளவு இறங்கியது என்று ஸ்கேலால் அளந்து நாலால் பெருக்குங்கள். யு.எஸ்.ஜி.ஏ. என்கிற அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி கட்டிய புது கிரீனில் மணிக்கு 15 செ.மீ.யாவது இறங்க வேண்டும். பழைய கிரீனில் அது குறைவது இயல்பு. என் கணக்கில் 5 செ.மீ.க்குக் கீழே போனால் வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும்.

தண்ணீர் மண்ணுக்குள் மெதுவாக இறங்குவதற்கு இந்தப் பக்கம் பெரிய காரணம் மணல்தான். ஆற்றுமணல் எடுப்பதைக் கேரளம் 2001ஆம் வருஷச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. பாரதப்புழையின் கதியைப் பார்த்தவர்கள் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் அதன் பின் எல்லாரும் எம் சாண்டுக்கு மாறினார்கள். எம் சாண்டு கல்லை உடைத்துச் செய்வது. அதில் மாவு மாதிரித் தூள் இருக்கும். கழுவாமல் கிரீனில் தூவினால் அந்தத் தூள் மழையில் இறங்கி ஒரு விரல் ஆழத்தில் பூச்சு மாதிரி உட்காரும். கப் கட்டர் உருண்டையில் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் அதுதான். வாங்கும்போதே ஒரு பாட்டிலில் பாதி மணல், முக்கால்வரை தண்ணீர், குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் களி மாதிரி ஒரு படலம் கண்ணுக்குத் தெரிகிற கனத்தில் நின்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுக்கு உண்டாகிவிட்டால் துளை போட்டு மண்ணை எடுத்து நல்ல மணலை நிரப்புவதுதான் வழி. 12 மி.மீ. குழல் ஊசியை 5 செ.மீ. இடைவெளியில் போட்டால் ஒரு தடவைக்கு மேற்பரப்பில் 4-5 சதவீதம்தான் மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இது வருஷக்கணக்கு வேலை. சித்திரை, வைகாசி வெயிலில் செய்யுங்கள். அப்போது பெர்முடா பதினைந்து நாளில் மூடிவிடும். மழைக்காலத்தில் துளை போட்டால் ஆறாத புண்ணாக நிற்கும்.

இன்னொன்று, கிரீனில் மணல் கனம் குறைவாகப் போட்டவர்களுக்கு. “காசை மிச்சம் பிடிக்க 10 செ.மீ. மணல் போட்டோம், கீழே ஜல்லியும் குழாயும் சரியாக இருக்கிறது, அப்படியும் எப்போதும் ஈரம்” என்று பலர் சொல்கிறார்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி உள்ளங்கையில் படுக்கவைத்துப் பிடியுங்கள். சொட்டி முடிந்ததும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், தண்ணீர் அதேதான், உயரம் மட்டும் கூடியது. ஜல்லிக்கு மேல் இருக்கிற மணலும் அப்படித்தான்: அடியில் ஒரு பட்டை எப்போதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 30 செ.மீ. மணல் இருந்தால் அந்தப் பட்டை வேருக்குக் கீழே கிடக்கும், வெயில் காலத்துக்கு உதவும். 10 செ.மீ. என்றால் அந்தப் பட்டைக்குள்ளேயே புல் முளைத்திருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்கச் சங்கம் 1960இல் இந்த முறையை வெளியிட்டபோது 30 செ.மீ. என்று சொன்னது அழகுக்காக இல்லை. இதற்கு மருந்து கிடையாது. மணலை ஏற்ற வேண்டும்.

மண்ணை எடுத்தால் அழுகின முட்டை நாற்றம், நடுவில் கறுப்புக் கோடு

முதல் தடவை இதைப் பார்த்தபோது ஏதோ ஆயில் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆயில் இல்லை. காற்றுப் போகாமல் மண் மூச்சு முட்டும்போது, சில நுண்ணுயிர்கள் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்கின்றன. அவை விடுகிற வாயுதான் அந்த நாற்றம். அந்த வாயு இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. வேர் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே போகாது.

இங்கே எல்லாரும் செய்கிற தப்பு, புல் மங்குகிறதே என்று அம்மோனியம் சல்ஃபேட்டும், அன்னபேதி என்கிற இரும்பு சல்ஃபேட்டும் போடுவது. ரெண்டிலும் கந்தகம் இருக்கிறது. பசித்த நாய்க்கு எலும்பு போட்ட கதை. கறுப்பு மறையும்வரை சல்ஃபேட் உரத்தை நிறுத்துங்கள், தழைச்சத்தை நைட்ரேட் வடிவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், கம்பி ஊசியால் வாரம் ஒரு முறை குத்திக் காற்று விடுங்கள். மூணு வாரத்தில் நாற்றம் போகும். கோடு மறைய மாசங்கள் ஆகும். அப்புறமும் அதே இடத்தில் திரும்ப வந்தால், மேலே சொன்ன மணல் அடுக்கையும் குழாய் வாயையும் மறுபடி பாருங்கள்.

நடந்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது

கப் கட்டர் உருண்டையில் பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே பழுப்பு நார் ஒரு பட்டையாக இருக்கும். அதை விரலால் அமுக்கி அளந்து பாருங்கள், 12 மி.மீ.க்கு மேல் என்றால் அதுதான் மெத்தை. பெர்முடா ஆசையாக வளர்கிற புல், தழைச்சத்து கூடிவிட்டால் தன் கழிவிலேயே படுத்துக்கொள்ளும். செங்குத்துக் கத்தியால் கீறி நாரை எடுத்து, மெல்லிசாக மணல் தூவ வேண்டும். மெல்லிசு என்றால் 1 மி.மீ. நூறு சதுர மீட்டருக்கு நூறு லிட்டர் மணல், சிமெண்டுச் சட்டியில் ஏழெட்டு. மாசம் ஒரு தடவை சட்டி கணக்கில் தூவுவது, வருஷம் ஒரு தடவை லாரி கணக்கில் கொட்டுவதைவிட நல்லது. கொட்டினால் அதுவே ஒரு அடுக்கு.

பீட் என்கிற சதுப்பு மக்கு கிடைக்காத ஊரில் மணலோடு தென்னை நார்க்கழிவு கலப்போம். பொள்ளாச்சியில் மலை மலையாகக் கிடக்கிறது. பழசானதை, நன்றாகக் கழுவியதை வாங்குங்கள். புதுசில் உப்பு இருக்கும்.

ஃபேர்வேயில் குழாய் பதித்தும் சேறு

ஃபேர்வே என்பது கிரீன் வரைக்கும் போகிற நீளமான புல்வெளி. இது கரிசலுக்கே உரிய வியாதி. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் இந்த மண்தான். மற்ற கேரளத்து ஆட்கள் இங்கே வந்து பார்த்தால் இது நம் ஊரா என்று கேட்பார்கள். வெயிலில் கை நுழைகிற வெடிப்பு. நனைந்தால் வீங்கி வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். மூடிய பிறகு அதற்குள் தண்ணீர் இறங்குவது என்பது ஏறக்குறைய இல்லை.

இந்த மண்ணில் பள்ளம் தோண்டி, குழாய் வைத்து, ஜல்லி போட்டு, கடைசியில் “புல் முளைக்கட்டும்” என்று மேலே அரை அடி கரிசலைப் போட்டு மூடுகிறார்கள். சட்டியை மூடிவிட்டு அதில் மழை விழவில்லையே என்று காத்திருப்பது போல. ஜல்லிக்கு மேல் மணல், மணல் தரை மட்டம் வரை வர வேண்டும். கரிசல் ஒரு விரல்கூட நடுவில் வரக் கூடாது. புல் மணலிலும் ஓடி மூடிவிடும், பெர்முடாவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பதிக்கும்போது இன்னும் சில விஷயம். துளைக் குழாயின் துளை கீழே பார்க்க வேண்டும்; மேலே பார்த்து வைத்தால் தண்ணீரோடு மண்ணும் உள்ளே போகும். குழாயைத் துணியால் சுற்றச் சொல்வார்கள், வேண்டாம். கரிசல் தூள் அந்தத் துணியில் அப்பி அதையே மூடிபோட்ட மாதிரி ஆக்கிவிடும். சரிவு நூறு மீட்டருக்கு அரை மீட்டர் என்பது குறைந்தபட்சம், ஒரு மீட்டர் இருந்தால் நிம்மதி. இதைக் கண்ணால் பார்த்து முடிவுபண்ணாதீர்கள். எங்கள் மேஸ்திரி மாமா ட்யூப் லெவலின் ஒரு முனையை மேல்வாயில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூணு மீட்டருக்கு ஒரு முளை அடித்துக்கொண்டே போவார். ட்யூப்பில் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு பொய். அதனால் ஒவ்வொரு தடவையும் ட்யூப்பைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அவர் போட்ட குழாய் ஒன்றும் இதுவரை என்னைக் காலையில் எழுப்பவில்லை.

ஆனால் மனசில் பட்டதைச் சொல்கிறேன்: கரிசலில் குழாயைவிட மேற்பரப்புச் சரிவுதான் வேலை செய்யும். ஃபேர்வேயில் 2 சதவீதம் சரிவும், ஆழமில்லாத அகலமான வாய்க்காலும் கொடுத்துத் தண்ணீரைத் தரைக்கு மேலேயே அனுப்பிவிடுங்கள். மெல்லிசாக வெட்டி மணல் நிரப்புகிற கீறல் வடிகால், களிமண் ஊர்களில் பிரபலம். எங்கள் மண்ணில் பங்குனியில் கரிசல் சுருங்கும்போது வெடிப்பு சரியாக அந்தக் கீறல் வழியாகவே விடும். மணல் உள்ளே இறங்கி, மேலே பந்து போய் ஒளிகிற பள்ளம் வரும். ஒரு ஃபேர்வேயில் போட்டுப் பார்த்தேன், போதும்.

புல் வெளிறி மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை

கேரளத்தில் பெரும்பாலான மண் புளித்த மண். அதனால் எந்த வேளாண் ஆளைக் கேட்டாலும் முதலில் “கும்மாயம் போடு” என்பார், அதாவது சுண்ணாம்பு. சித்தூர்க் கரிசலில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய. மண்ணில் வெள்ளை முடிச்சுகளாகவே தெரியும். இங்கே இன்னும் சுண்ணாம்பு போட்டால் இரும்புச் சத்து பூட்டிக்கொண்டுவிடும். நான் யார் சொன்னதையோ கேட்டு ஒரு டீயில், அதாவது முதல் அடி அடிக்கிற புல்மேடையில், போட்டேன். மூணு வாரத்தில் எலுமிச்சை நிறம்.

இளம் இலை முதலில் மஞ்சளானால் இரும்பு. முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து. இரும்புக்கு அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். மண்ணில் கொட்டினால் இந்த மண் அதை விழுங்கிவிடும். ரெண்டு நாளில் பச்சை வரும். நடைபாதை சிமெண்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது, மேனேஜர் விடமாட்டார்.

வெள்ளை உப்பு பூக்கிறது, மண் சிமெண்டு மாதிரி இறுகுகிறது

போர் தண்ணீர். ஆழம் போகப்போக உப்பு. உப்பு மட்டும்தானா, சோடியமும் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர், அதில் பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்று. ஆட்டாமல் ஒரு நாள் வையுங்கள். கட்டி உடைந்து விழுந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் சோடியம். அதற்கு ஜிப்சம். ஆனால் ஜிப்சம் சோடியத்தை மண்ணிலிருந்து கழற்றிவிடும், அவ்வளவுதான். கழன்றதைக் கழுவிக்கொண்டுபோகத் தண்ணீரும், அந்தத் தண்ணீர் வெளியேற வடிகாலும் வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மூட்டை மூட்டையாகக் கொட்டுவது, தொட்டியின் அடைப்பைப் பிடுங்காமல் சோப்புப் போட்டுத் தேய்ப்பது.

ஊரெல்லாம் ஈரம், நடுவில் வட்டமாகக் காய்ந்த திட்டு

கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கீழைக்காற்று அடிக்கும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள். மேட்டுக் கிரீன் அதில் காய்ந்து, மணல்மேல் ஒரு மெழுகுப் பூச்சு உண்டாகிவிடும். காய்ந்த உருண்டையை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேம்பு இலைமேல் விட்ட மாதிரி முத்தாக நின்றால், அந்த இடத்துக்கு எவ்வளவு தெளித்தாலும் தண்ணீர் பக்கத்துக்குத்தான் ஓடும். திட்டைக் கம்பியால் நெருக்கமாகக் குத்தி, ஈரமூட்டும் மருந்து கலந்து, ஹோஸால் கொஞ்சம் விட்டு நிறுத்தி, மறுபடி கொஞ்சம் விட்டு, அப்படி ஊறவையுங்கள். ஸ்ப்ரிங்க்ளரைக் கூட்டி வைத்தால் திட்டு காய்ந்தபடியே இருக்கும், சுற்றி எல்லாம் அழுகும்.

காலையில் காசு காசாக வெள்ளை, அல்லது பஞ்சு

ரூபாய்க் காசு அளவு வைக்கோல் நிறப் புள்ளிகள், பனியில் சிலந்திவலை மாதிரி நூல்: டாலர் ஸ்பாட். பெரும்பாலும் புல் பசியோடு இருக்கிறது. தழைச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, விடிந்ததும் நீள மூங்கில் கழியால் பனியைத் தட்டிவிட்டால் பாதி போய்விடும்.

காலையில் பஞ்சு மாதிரி படர்ந்து, எண்ணெய் தடவின மாதிரி கறுத்து வழுக்கினால், தண்ணீர் ஓடின வழியாகவோ மெஷின் சக்கரத் தடத்திலோ கோடாகப் போனால், அது பிதியம். இதற்குத் தழைச்சத்துக் கொடுத்தால் அடுப்பில் நெய். ராத்திரியும் புழுக்கமாக இருக்கிற மழை நாட்களில் வரும், ஒரே நாளில் பரவும். மெஷினை அங்கே ஓட்டாதீர்கள், உடனே மருந்து. டாலர் ஸ்பாட்டுக்கும் இதற்கும் வைத்தியம் நேர் எதிர் என்பதால், அவசரத்தில் மாற்றிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தரை உப்பியிருக்கிறது, காலையில் பார்த்தால் பன்றி உழுத நிலம்

காட்டுப்பன்றி புல்லைத் தின்ன வரவில்லை, கீழே இருக்கிற புழுவுக்கு வருகிறது. வேலி போடுவதற்கு முன் புழுவைப் பாருங்கள். ஒரு பூவாளித் தண்ணீரில் ரெண்டு மேசைக்கரண்டி பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைத்து, சாயங்காலம் சந்தேகமான இடத்தில் ஊற்றுங்கள். பிள்ளைப்பூச்சி இருந்தால் அஞ்சு நிமிஷத்தில் மேலே வந்து ஓடும். பார்த்த பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். வேர்ப்புழு சோப்புக்கு வராது. ஒரு சதுர அடி புல்லைப் பாய் மாதிரி சுருட்டிப் பார்க்க வேண்டும். மருந்து வாங்கும்போது கவனம்: கார்போஃபியூரான் உட்பட ஒரு பட்டியலையே கேரளம் 2011இல் தடைசெய்துவிட்டது. எல்லை தாண்டி வாங்கிவந்து போடுவது சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள், கிணறு உங்களுடையதுதான்.

மழையே இல்லை, சரிவில் ஒரு இடம் மட்டும் எப்போதும் ஈரம்

மூணாற்றில் இது தினசரிப் பாடம். கோரை அடர்ந்து நிற்கும், மெஷின் அங்கே போனால் சக்கரம் புதையும். ஈரம் தெரிகிற இடத்தில் குழாய் போடாதீர்கள். ஊற்று மேலேயிருந்து பாறையை ஒட்டி வந்து அங்கே தலைகாட்டுகிறது. நாலைந்து மீட்டர் மேலே ஏறி, சரிவுக்குக் குறுக்கே, சற்றே சாய்வாக ஒரு ஜல்லி வடிகால் வெட்டி அதை மறித்துப் பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள். தோண்டும்போது இறுகின அடுக்கைத் தொடும்வரை போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் தண்ணீர் அடியில் புகுந்து பழைய இடத்துக்கே வரும்.

பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்கும் இதே புத்திதான். மணல் சரிகிறது என்றால் பங்கருக்குள் பார்க்காமல் அதன் தலைமேட்டைப் பாருங்கள். மேலிருந்து வருகிற தண்ணீரை ஒரு சின்ன வரப்பால் திருப்பிவிட்டால் மணல் அங்கேயே இருக்கும்.

எல்லாம் சரி, ஆனாலும் சில நாட்களில் மட்டும் கீழ் கிரீன் ஊறுகிறது

இதுதான் எனக்குக் கடைசியில் பிடிபட்டது. மழை அட்டவணையோடு ஒத்துப்போகவே இல்லை. வெயில் கொளுத்துகிற நாளில் ஒன்பதாம் கிரீன் ஊறும், மழை நாளில் சும்மா இருக்கும். ஒரு நாள் வடிகால் வாயில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: “ஆளியாத்துத் தண்ணி விட்டாச்சு, சார்.” பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்குத் தண்ணீர் வரும். அது கால்வாய்க்குத் திறக்கும்போது எங்கள் ஓரத்து ஓடையும் ஏறும். ஓடை ஏறினால் குழாய் வாய் முழுகும். முழுகினால் தண்ணீர் பின்னோக்கிக் கிரீனுக்குள் வரும்.

வாயை உயர்த்த முடியாது, சரிவு போய்விடும். லாரி டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி, மேல்விளிம்பில் மட்டும் போல்ட் போட்டு வாயில் தொங்கவிட்டோம். உள்ளிருந்து தண்ணீர் வந்தால் தள்ளித் திறக்கும், வெளியிலிருந்து வந்தால் அமுங்கி மூடும். கூடவே ஒரு தொட்டி கட்டி அரை எச்.பி. மோட்டார். வாய் மூடியிருக்கும் நாட்களில் தொட்டியில் சேர்வதை மோட்டார் எடுத்து மேல் வாய்க்காலுக்குத் தள்ளும். ரப்பரில் இலை சிக்கிக்கொள்ளும், வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். இப்போது ஷெட்டுச் சுவரில், புல் வெட்டும் அட்டவணைக்குப் பக்கத்தில், கால்வாய் திறக்கிற தேதிகளையும் சாக்பீஸில் எழுதி வைக்கிறோம். எழுதுவது வாட்ச்மேன் அண்ணன்தான்.